மட்டை திரும்பும் கணம்



கோல்ஃப் என்னும் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களுள் சிலர் புன்னகை செய்யக்கூடும். பரந்த புல்வெளியும், பை நிறைய மட்டைகளும், அவற்றைச் சுமந்துவர ஓர் ஆளும் வேண்டிய விளையாட்டு அது; நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணலாம். நான் அவ்விளையாட்டு முழுவதையும் விளக்க வரவில்லை. அதில் ஒரேயொரு கணத்தைப் பற்றி மட்டும் சொல்ல வந்திருக்கிறேன். மேலே சென்ற மட்டை கீழ்நோக்கித் திரும்புகின்ற கணம் அது. அந்தக் கணத்தில் உடல் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டவர்கள், கிரிக்கெட் பந்தை எறிபவனிடத்திலும் ஈட்டி வீசுபவனிடத்திலும் அதே விதி ஆட்சி செய்வதைக் காண்பார்கள்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து சிறியது; 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டமும் 45.93 கிராமுக்கு மிகாத எடையும் உடையது. அது அசையாமல் கிடக்கிறது. வலக்கை ஆட்டக்காரர் இலக்குத் தம் இடப்பக்கம் இருக்குமாறு நின்று, மட்டையை வலப்பக்கமாகப் பின்னோக்கி உயர்த்துகிறார். இதை ஆங்கிலேயர் பேக்ஸ்விங் என்பர். நாம் ஏறுவீச்சு என்று வைத்துக்கொள்வோம். பிறகு மட்டை இறங்கி வந்து பந்தைத் தாக்குகிறது. அது டவுன்ஸ்விங், நமக்கு இறங்குவீச்சு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நான் கூறும் திருப்பம்.

கிடக்கும் பந்தை அடிப்பதில் என்ன அருமை இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியவன்தான். கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவந்த நாட்களில், கோடை விடுமுறை ஒன்றில், மலையூரில் வாழ்ந்த நண்பர் ஒருவர் என்னை ஆடுகளத்துக்கு அழைத்துச் சென்றார். வலிமை முழுவதையும் கூட்டி நான் அடித்த பந்துகள் எல்லாம் வலப்பக்கம் வளைந்து மரக்கூட்டத்துள் மறைந்தன. களைத்துப்போய் அரைமனத்தோடு அடித்த ஒன்றிரண்டு மட்டும் நேரே சென்றன. விசையைப் பற்றிப் பிறருக்குப் பாடம் சொல்பவனுக்கு இது பெரிய தலைகுனிவு அல்லவா?

எங்கள் பையைச் சுமந்துவந்த முதியவர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கைக்கு அவசரம், காலுக்குத் தூக்கம்" என்றார். நான் விளங்காமல் நிற்கவே, "மேலே போன மட்டை இறங்குவதற்கு முன்னே கால் வேலையைத் தொடங்க வேண்டும், ஐயா. கால் போன வழியே இடுப்பு, இடுப்பு போன வழியே தோள்; கை கடைசியில்தான்" என்று சொன்னார். முப்பது ஆண்டுகள் பிறர் பையைச் சுமந்து, பிறர் ஆட்டத்தைப் பார்த்தே கற்றவர் அவர். அவருடைய சொற்களை முழுவதும் விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இன்று நான் நிகழ்த்தும் உரை, அந்த முதியவரின் வாக்கியத்துக்கு எழுதிய உரை என்றே கொள்ளலாம்.

முதலில் காலத்தைக் கணக்கிடுவோம். தேர்ந்த வீரர்களின் ஏறுவீச்சுக்கு ஏறத்தாழ முக்கால் நொடி ஆகிறது. இறங்குவீச்சுக்கோ கால் நொடிதான். மூன்றுக்கு ஒன்று என்னும் இந்த விகிதத்தை, திரைப்படச் சட்டங்களை எண்ணிப் பார்த்து அமெரிக்கரான ஜான் நோவோசெல் 2004-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இனி மற்றொரு கணக்கு. ஒருவர் விடும் அளவுகோலை மற்றொருவர் விரல்களால் பிடிக்கும் சோதனையைப் பள்ளியில் செய்திருப்பீர்கள். கண் கண்டதற்குக் கை மறுமொழி சொல்ல நொடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. அப்படியானால், கால் நொடியில் முடியும் இறங்குவீச்சின் நடுவிலே பிழையைக் கண்டு திருத்துவது எவ்வாறு இயலும்? வில்லை விட்ட அம்பைப் போன்றது அது. திருத்தக் கூடியவற்றை எல்லாம் அதற்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும். ஆகவே அடியின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் திருப்பத்திலேயே தீர்மானமாகிவிடுகின்றன.

இறங்குவீச்சின் வேகம் எவ்வாறு வளர்கிறது என்பதைக் கண்ணால் காணவும் வழி உண்டு. 1938-ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹரால்டு எட்ஜர்ட்டன், டென்ஸ்மோர் ஷூட் என்ற வீரரை நொடிக்கு நூறு முறை மின்னும் விளக்கொளியில் படம் பிடித்தார். ஒரே படத்தில் மட்டையின் பல நிலைகள் விசிறியின் மடிப்புகளைப் போல வரிசையாகத் தோன்றின. இத்தகைய படங்களில், கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் மட்டை மெல்லச் செல்கிறது. அகன்றிருக்கும் இடத்தில் விரைகிறது. நல்ல வீரரின் கோடுகள் திருப்பத்தை அடுத்து நெருக்கமாகவும், பந்துக்கு அருகில் மிக அகலமாகவும் அமைந்திருக்கும். தலைசிறந்தவர்களின் மட்டைத்தலை பந்தைச் சேரும்போது நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் பெற்றிருக்கிறது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பதோ நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. அந்தச் சிறு பொழுதுக்கு முன்பே வேகத்தைச் செலவிட்டவனுக்கு அது பயன்படாது.

வேகத்தை எப்படிச் சேமிப்பது? ஆற்றங்கரைக் கல்லில் துணி துவைப்பவரைப் பாருங்கள். ஈரத்துணி தோளுக்கு மேலாகப் பின்னே போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய கால் ஊன்றுகிறது. உடல் முன்னே வளைகிறது. துணி இழுபட்டு, விறைத்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்து கல்லில் அறைகிறது. துணி பின்னே விழுந்து தொங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு கையால் மட்டும் இழுப்பாரானால் அது துவண்டு விழும். கோல்ஃப் மட்டையின் திருப்பமும் இதுவே. மட்டை இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே உடலின் சுமை இடக்காலுக்கு மாறத் தொடங்குகிறது. ஆகவே திருப்பம் என்பது உடல் முழுவதும் ஒருங்கே நின்று ஒருங்கே திரும்புவதன்று. கீழ்ப்பாதி திரும்பிவிட்டது, மேற்பாதி இன்னும் திரும்பவில்லை என்னும் சிறு இடைவெளியே திருப்பம்.

இந்த இடைவெளியால் விளையும் நன்மைகள் இரண்டு. முதலாவது தசையைப் பற்றியது. முழங்காலை மடக்கிக் குந்தி, நான்கு எண்ணும்வரை அசையாமல் இருந்து, பிறகு மேலே தாவிப் பாருங்கள். அடுத்து, நின்ற நிலையிலிருந்து சட்டெனத் தாழ்ந்து உடனே தாவிப் பாருங்கள். இரண்டாம் முறையில் மேலும் உயரச் செல்வீர்கள். இழுபட்ட உடனே சுருங்கும் தசை மிகுந்த ஆற்றலோடு சுருங்குகிறது. திருப்பத்தில் இடுப்பு முன்னே செல்லத் தோள் பின்தங்குவதால், இரண்டுக்கும் நடுவிலுள்ள தசைகள் அவ்வாறு இழுபடுகின்றன.

இரண்டாவது நன்மை மட்டையைப் பற்றியது. பிரிட்டனில் அறிஞர் குழு ஒன்று செய்த ஆராய்ச்சியின் முடிவுகளை, அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்னும் இருவர் 1968-இல் நூலாக வெளியிட்டனர். வீச்சை அவர்கள் இரட்டை ஊசலாகக் கருதினர். தோளிலிருந்து தொங்கும் கை ஓர் ஊசல். கையின் முனையில் மணிக்கட்டு என்னும் கீலில் தொங்கும் மட்டை மற்றோர் ஊசல். இறங்குவீச்சின் தொடக்கத்தில் கைக்கும் மட்டைக்கும் இடையே உள்ள மடிப்பு அப்படியே இருந்தால், மட்டை உடலை ஒட்டி இருக்கிறது. அதைச் சுழற்றுவது எளிது. கைகளை மார்போடு சேர்த்துக்கொண்ட நடனமாது விரைந்து சுழல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு மடிப்புத் தானாகவே விரிகிறது. மட்டை வெளியே பாய்கிறது. கையின் வேகம் தணிந்து, அவ்வாற்றல் மட்டைக்குச் செல்கிறது. வண்டிக்காரன் கை நின்ற பின்பு சாட்டையின் நுனி ஒலிப்பது இந்த முறையால்தான்.

அவசரக்காரன் செய்வது என்ன? உச்சியிலேயே மணிக்கட்டை விரித்து மட்டையை எறிகிறான். மட்டை முன்னதாகவே வெளியே போய், சுழற்றுவதற்குக் கனத்துப்போகிறது. பந்தை அடையுமுன் வேகம் குன்றிவிடுகிறது. அதோடு வலத்தோளும் பந்தின் பக்கமாக முந்திக்கொள்கிறது. மட்டை வெளியிலிருந்து உட்பக்கமாகப் பந்தைச் சீவுகிறது. பந்து சுழன்று வலப்பக்கம் வளைகிறது. என் பந்துகள் மரக்கூட்டத்தை நாடிய காரணம் இதுதான்.

இவ்வுண்மையைத் தம் உடலாலேயே உலகுக்கு மெய்ப்பித்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1912-இல் பிறந்த பென் ஹோகன். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, ஆடுகளத்தில் பிறர் பையைச் சுமந்து கூலி பெற்றவர். பேருருவம் படைத்தவர் அல்லர். 1949 பிப்ரவரியில், அவர் மனைவியோடு சென்ற காரின்மீது பேருந்து ஒன்று நேருக்கு நேர் மோதியது. மனைவியைக் காக்க அவர் குறுக்கே பாய்ந்தார். இடுப்பெலும்பும், காறை எலும்பும், கணுக்காலும் முறிந்தன. இரத்தக் கட்டிகளால் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. நடப்பாரோ என்று பலர் ஐயுற்றனர்.

ஆனால் 16 மாதங்களுக்குப் பின், 1950 ஜூனில், மெரியன் ஆடுகளத்தில் நடந்த யு.எஸ். ஓப்பன் போட்டியில் அவர் ஆடினார். கால்களில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரே நாளில் 36 குழிகளை ஆடி முடித்தார். மூவர் சமநிலையில் நின்றனர். மறுநாள் மீண்டும் 18 குழிகள். ஹோகன் 69 அடிகளிலும், லாயிட் மாங்ரம் 73 அடிகளிலும், ஜார்ஜ் ஃபாசியோ 75 அடிகளிலும் ஆட்டத்தை முடித்தனர். அடிகள் குறைந்தவருக்கே வெற்றி, வெற்றி ஹோகனுடையது. அவர் 1957-இல் வெளியிட்ட பாடநூலில், இறங்குவீச்சை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கூறுகிறார் தெரியுமா? இடுப்பிலிருந்து. முறிந்துபோன அதே இடுப்பிலிருந்து! உடலின் சுமை இடக்காலுக்கு மாறுமாறு இடுப்பு இடப்பக்கம் திரும்பட்டும்; தோளும் கையும் பின்தொடரட்டும் என்பதே அவர் போதனை. நூலைப் படித்தபோது எனக்கு மலையூர் முதியவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பை சுமந்த இருவரும் ஒன்றையே சொன்னார்கள்.

மாணவர் ஒருவர் கேட்கலாம்: "உச்சியில் மட்டையைச் சற்று நிறுத்தினால் அவசரம் அடங்காதா?" என்று. ஜப்பானிய வீரர் ஹிதேகி மட்சுயாமாவின் மட்டை உச்சியில் நிற்பதுபோலவே தோன்றும். அவர் 2021-இல் மாஸ்டர்ஸ் போட்டியையே வென்றார். ஆதலால் நிறுத்தம் குற்றமன்று. ஆயினும், நின்ற பிறகு முதலில் அசைவது கையானால், நிறுத்தியதால் பயனில்லை. எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதைக் காட்டிலும், எது முதலில் புறப்படுகிறது என்பதே முக்கியம்.

இனிப் பயிற்சி. மூன்று மட்டும் சொல்கிறேன். முதல் இரண்டுக்கு மட்டை கூட வேண்டுவதில்லை. ஒன்று: நீண்ட துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, முனையில் முடிச்சிட்டு, இரு கைகளாலும் பற்றி வீசிப் பாருங்கள். உச்சியில் கை முந்தினால் துண்டு தளர்ந்துவிடும்; கால் முந்தினால் விறைப்பாகச் சுழன்று வரும். இதைவிட நேர்மையான ஆசிரியர் இல்லை. இரண்டு: பாதங்களைச் சேர்த்து நின்று கைகளை ஏற்றுங்கள், கைகள் உச்சியை அடையுமுன் இடக்காலை இலக்கை நோக்கி ஓரடி எடுத்து வையுங்கள், அதன் பின்பே கைகள் இறங்கட்டும். மூன்று: மட்டை கிடைத்தவர்கள் பாதி வேகத்தில் வீசுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஏற்றுங்கள். நான்கு என்னும்போது பந்தைச் சேருங்கள். விகிதம் கெடாமல் வேகத்தை நாளடைவில் கூட்டலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இடுப்புக்கும் தோளுக்கும் இடையிலான முறுக்கு நன்மை தருகிறது என்று கேட்டதும், இளைஞர்கள் அதை அளவு கடந்து செய்ய முற்படுவர். கோல்ஃப் ஆடுவோர்க்கு மிகுதியாக நேரும் துன்பங்களில் கீழ்முதுகு வலி ஒன்று. உடல் இயல்பாகத் திரும்பும் எல்லையோடு நில்லுங்கள். வலி தோன்றினால் அன்றைய ஆட்டத்தை முடித்துவிடுங்கள்.

நான் மலையூரை விட்டுப் புறப்பட்ட நாளின் மாலையில், ஒரு பந்தாவது அடித்துக் காட்டுமாறு அந்த முதியவரை வேண்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். முப்பது ஆண்டுகள் நடந்த அந்தப் புல்வெளியில் ஆடுவதற்கு அவருக்கு உரிமை இல்லை. நண்பர் தலையசைக்கவே, தோளிலிருந்த பையை இறக்கிவைத்து, தேய்ந்த மட்டை ஒன்றை எடுத்தார். மட்டை மெல்ல ஏறியது. அது உச்சியை அடையுமுன் அவருடைய இடக்குதிகால் புல்லில் அழுந்தியதை இம்முறை நான் கண்டேன். பிறகு நடந்தது கண்ணுக்குப் புலப்படவில்லை. ஓசை மட்டும் கேட்டது. பந்து மரங்களுக்கு மேலே நேராகச் சென்றுகொண்டிருந்தது. அவரோ அதைப் பாராமலே, மட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.