தைத்த தோள் இறுகினால் பயம் வேண்டாம், இழுக்கவும் விடாதீர்கள்

அலவத்துகொடையிலிருந்து கண்டிக்குப் போய், தோளில் கிழிந்த தசைநாணைத் தைத்துக்கொண்டு வந்தவருக்கு இரண்டாம் மாதத்தில் எழும் சந்தேகம் இது: "கை மேல போகுதில்ல, ஒப்பரேஷன் சரிவரல்லையா?"

பெரும்பாலும் அப்படியில்லை. தைத்த நாண் எலும்போடு ஒட்டவேண்டும் என்றுதான் கையை நான்கு முதல் ஆறு வாரம் ஸ்லிங்கில் போடுகிறார்கள். அசையாத அந்த நாட்களில் மூட்டின் உறை தடித்துச் சுருங்குகிறது. சீனி வருத்தமோ தைரொயிட் கோளாறோ உள்ளவர்களுக்கு இறுக்கம் கூடும். அநேகருக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் இளகிவிடும். 2016இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்று 1,533 தோள்களைப் பார்த்தது. ஆறாம் வாரத்தில் இறுகியிருந்த தோள்களில் தையல் மறுபடி கிழிந்தது குறைவு என்று கண்டது. இறுக்கத்தைப் பிறகு இளக்கலாம். அறுந்த தையலுக்கு மறுபடி கத்தி வேண்டிவரலாம்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு இழுத்துவிடும் யோசனையை யாராவது கட்டாயம் சொல்வார்கள். அந்த வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. உள்ளே தையல் இருப்பது அவர் கைக்குத் தெரியாதே! முதல் மூன்று மாதம் இழுப்பதும் பாரம் தூக்குவதும் கூடாது. குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சியைக்கூட சத்திரசிகிச்சை நிபுணர் சொன்ன நாளில்தான் தொடங்கவேண்டும்.

காயத்தில் சீழ், காய்ச்சல், தூக்க முடிந்த கை திடீரென விழுந்துபோவது: இவற்றுக்குக் கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பல மாதப் பயிற்சிக்கும் இளகாவிட்டால் ஸ்டீரொயிட் ஊசி உண்டு. சீனி சில நாள் ஏறும், சீனி வருத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கும் மசியாத சிலருக்கு, சிறு துளை வழியே உறையை வெட்டி விடுவிப்பார்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் பிசியோதெரபியும் இலவசம். கண்டிக்கு அடிக்கடி பஸ் ஏற முடியாதென்றால், டயக்னோசிஸ் கார்டைக் காட்டி மாத்தளை வைத்தியசாலையில் தொடர வழியுண்டா என்று கேளுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியான கண்டியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. தனியார் பிசியோதெரபிஸ்டிடம் போவதானால், அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று விசாரியுங்கள்.

தோட்டத்திலோ கடையிலோ வேலை செய்யும்போது தோள் கிழிந்திருந்தால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். முதலாளிக்கு எழுத்தில் உடனே அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கிளினிக்கில் இதை மட்டும் மறவாமல் கேளுங்கள்: கையைத் தானாகத் தூக்குவது எப்போது, பாரம் எடுப்பது எப்போது? பதிலை கார்டிலேயே எழுதி வாங்குங்கள்.