சோயாவுக்குத் தழைச்சத்து எங்கிருந்து வருகிறது?

நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு லாரி லாரியாக வந்து இறங்கும் சோயா புண்ணாக்கும், குருமாவில் கறிக்குப் பதில் போடும் மீல்மேக்கரும் விலைபோவது புரதத்துக்காகத்தான். சோயா விதையின் எடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் புரதம். அந்தப் புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன், அதாவது உழவர்கள் சொல்லும் தழைச்சத்து. அதனால்தான் நெல்லோ கோதுமையோ கேட்பதைவிடப் பல மடங்கு தழைச்சத்தைச் சோயா கேட்கிறது. ஒரு டன் விதை விளைய வேண்டுமானால் செடிக்குள் ஏறத்தாழ 80 கிலோ தழைச்சத்து போய்ச் சேர வேண்டும்.

ஹெக்டேருக்கு 3 டன் என்று வைத்துக்கொள்வோம். 240 கிலோ தழைச்சத்து தேவை. நம் ஊர் 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இட்டதெல்லாம் அப்படியே வேரில் ஏறினாலும் 12 மூட்டை வேண்டும். வயலில் அப்படி ஏறாது. காற்றில் ஆவியாவது, மழைநீரோடு கீழே இறங்குவது எல்லாம் போக, உண்மையில் அதைப்போல இரண்டு மடங்கு கொட்ட வேண்டியிருக்கும். ஆனால் ஹெக்டேருக்குச் சராசரியாக 3 டன்னுக்கு மேல் எடுக்கும் பிரேசில் உழவர் சோயாவுக்கு யூரியா போடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

அந்த வேலையைச் செய்வது பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா. சோயா வேர் மண்ணுக்குள் சில வேதிப்பொருள்களைக் கசியவிடும். அதை உணர்ந்த பாக்டீரியா பதிலுக்குத் தன் சமிக்ஞையை அனுப்பும். வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே விடும். சில வாரங்களில் அந்த இடத்தில் வேர்முடிச்சு திரளும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான் என்றாலும் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா அதைப் பிளந்து அம்மோனியாவாக்கித் தருகிறது. கூலியாகச் செடியிடமிருந்து சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விதைத்து 35, 40 நாளில் பூவெடுக்கும் சமயம் ஒரு செடியை இழுத்துப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு அள்ளி, வாளித் தண்ணீரில் மெல்ல அலச வேண்டும். ஆணிவேரின் மேல்பகுதியில் மிளகளவு முடிச்சுகள் கொத்தாக ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் கலந்தாற்போல இருக்க வேண்டும். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. நைட்ரஜனைப் பிளக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும்; பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். தேவைக்கு மட்டும் ஆக்சிஜனைக் கொண்டுபோய்த் தருவது அந்தச் சிவப்புப் புரதம். உள்ளே சாம்பல் நிறமாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை.

பாக்டீரியா இருக்கட்டும், கூடவே யூரியாவும் போட்டால் விளைச்சல் இன்னும் கூடாதா? இங்கேதான் பலரும் பணத்தை விடுகிறார்கள். பக்கத்துக் கடையில் சோற்றுப் பொட்டலம் சும்மா கிடைத்தால் யார் அடுப்பு மூட்டுவார்கள்? மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் செடி சர்க்கரை செலவழித்து முடிச்சு வளர்ப்பதைக் குறைத்துக்கொள்கிறது. உரம் கூடக் கூட, காற்றிலிருந்து பிடிக்கும் அளவு சரிகிறது. ஒன்றைக் கூட்டி இன்னொன்றை இழப்பதால் நிகர லாபம் சொற்பம். மத்திய இந்தியாவில் ஹெக்டேருக்கு அடியுரமாக 20, 25 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படுவது, முடிச்சு வேலை தொடங்கும் வரை இளஞ்செடி தாக்குப்பிடிப்பதற்காக மட்டுமே.

யூரியா இல்லாத வழிக்குப் பிரேசில் தானாக வந்துவிடவில்லை. சோயா அந்த மண்ணுக்கு அந்நியப் பயிர்; அதற்கேற்ற பாக்டீரியாவும் அங்கே இயல்பாக இருந்ததில்லை. 1960-களில் அங்கே சோயா ரகங்களை உருவாக்கத் தொடங்கியபோது, தழைச்சத்து உரமே போடாத வயலில்தான் ரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஜொஹானா டோபெரைனர். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து பிரேசிலில் குடியேறிய மண் நுண்ணுயிரியலாளர். யூரியா கொட்டிய வயலில் ரகம் தேர்ந்தால், பாக்டீரியாவோடு சேரத் தெரியாத செடிகளும் தேறிவிடும். அந்த ஒரு முடிவில் அவர் உறுதியாக நின்றதன் பலனைப் பிரேசில் இன்றும் அறுவடை செய்கிறது. அடுத்த தலைமுறையில், லோந்த்ரினாவிலுள்ள எம்ப்ராப்பா ஆய்வு மையத்தின் மரியாஞ்ஜெலா ஹுங்ரியா, ஏற்கெனவே பாக்டீரியா குடியேறிய நிலத்திலும் ஆண்டுதோறும் புதிதாக விதையில் பாக்டீரியாவைப் பூசி விதைத்தால் விளைச்சல் சராசரியாக 8 சதவீதம் கூடுவதைக் காட்டினார். 2025-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இருந்தாலும் முடிச்சின் உழைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. காய் முற்றும் காலத்தில் விதை கேட்கும் தழைச்சத்தை வேரால் அந்த வேகத்தில் தர முடியாது. செடி தன் இலையிலுள்ள புரதத்தைக் கரைத்து விதைக்கு அனுப்பும். இலை மஞ்சளாகி உதிரும். அத்தோடு சர்க்கரை தயாரிப்பும் நின்றுவிடும். 1975-இல் சின்க்ளேர், டி விட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கடைசிக் கட்டத்தில் மேலுரம் போட்டு இதைச் சமாளிக்கலாமா என்று அமெரிக்காவில் பல மாநிலங்களில் சோதித்தார்கள். பெரும்பாலான வயல்களில் கூடிய விளைச்சல் உரச்செலவைக்கூட ஈடுகட்டவில்லை. ஹெக்டேருக்கு 4 டன்னைத் தாண்டும் வயல்களில் மட்டுமே இது பேசத் தக்க கேள்வி.

மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதிக்கு அந்தக் கேள்வி இன்னும் வரவில்லை. இந்தியச் சராசரி ஹெக்டேருக்கு 1 டன்னை ஒட்டியே நிற்கிறது. மானாவாரிக் கரிசல் நிலம். ஆகஸ்டில் மழை இரண்டு வாரம் பொய்த்தால், இலை வாடும் முன்பே முடிச்சு வேலையை நிறுத்திவிடுகிறது. மழை கொட்டித் தண்ணீர் தேங்கினாலும் காற்றில்லாமல் அதே கதிதான். இலை வெளுத்ததும் யூரியா தூவுவதைவிட, வடிகால் வெட்டுவதும் மேட்டுப்பாத்தியில் விதைப்பதும் முடிச்சுக்கு அதிகம் உதவும்.

அடுத்தது, விதையில் பூசக் கடையில் விற்கும் பாக்டீரியா பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பது. பிரேசில் சட்டப்படி ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி நுண்ணுயிர் உரத்தில் குறைந்தது 100 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை ரைசோபியம் எனப்படும் இவ்வகை வேர்முடிச்சுப் பாக்டீரியாவுக்குக் கேட்பது பொடியில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி. இந்த இடைவெளியை மூடாமல் யூரியா மானியத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. வெயிலில் காயும் கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் அந்த 5 கோடியும் மிஞ்சியிருக்காது. வாங்கியதைக் குளிர்ந்த இடத்தில் வைத்து, ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். பூஞ்சாணக்கொல்லி பூசுவதானால் அதை ஒரு நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சாவது பாக்டீரியாதான்.

சோயா போட்டால் மண் வளமாகிவிடும் என்ற நம்பிக்கையிலும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஒரு டன் விதையோடு 60 கிலோ அளவுக்குத் தழைச்சத்து வயலை விட்டு வெளியேறுகிறது. முடிச்சுகள் சரியாக வேலை செய்யாத ஆண்டில் அந்தக் கணக்கு மண்ணின் கையிருப்பிலிருந்துதான் தீர்க்கப்படும். அந்த ஆண்டு அதே நிலத்தில் அடுத்து கோதுமை விதைப்பவர், சோயா போட்டிருக்கிறோமே என்று நம்பி உரத்தைக் குறைக்கக் கூடாது.