சிவப்பு வெளுத்தா உஷார்!

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கண்ணு வலின்னு சொல்லிப் பாருங்க. ‘வெல்டிங் பார்த்தியா?’ன்னுதான் கேட்பாங்க. (ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்ல நாமளும் பார்த்ததுதானே!) வெல்டிங் வலின்னா பெரும்பாலும் ரெண்டு கண்ணுலயும் மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணி கொட்டும், ஓரிரு நாள்ல அடங்கிடும்.

ஆனா ஒரே கண்ணு, அதை அசைச்சா வலி, நாளுக்கு நாள் மங்கல்னா கதையே வேற. ஒரு சிவப்பு பாட்டில் மூடியை ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. ஒரு கண்ணுக்கு மட்டும் வெளுத்துத் தெரிஞ்சா, பார்வை நரம்பு அழற்சியா இருக்கலாம். இது அதிகம் வர்றது 20-லிருந்து 40 வயசுக்குள்ள. அதாவது, நமக்கு!

உடனே மெடிக்கல் ஷாப்ல ஸ்டீராய்டு மாத்திரை கேட்காதீங்க பாஸ். அமெரிக்காவில் 457 பேரிடம் நடந்த ஆய்வு 1992-ல் வெளியானது. வழக்கமான அளவில் மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்களுக்கு, டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களைவிட நோய் அதிகமா திரும்பி வந்திருக்கு! மூணு நாள் டிரிப்ஸ்ல மெத்தில்பிரெட்னிசோலோன், தினமும் 1 கிராம், அப்புறம் 11 நாள் மாத்திரைன்னு எடுத்தவங்களுக்குத்தான் பார்வை சீக்கிரம் தேறியது. ஆறு மாசத்துல எல்லாருக்கும் பார்வை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அப்ப சும்மா இருந்துடலாமா? கூடாது. சில வகை அழற்சிக்கு சிகிச்சை தாமதமானா பார்வை திரும்பாமலே போகலாம். எந்த வகைன்னு சொல்ல எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை வேணும். டி.பி.க்கு எத்தாம்புட்டால் சாப்பிடுறவங்களுக்கும் பார்வை நரம்பு பாதிக்கலாம். அவங்க அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கு. நமக்கு ரொம்ப தூரமும் இல்லை.