மீன்முள் வாய்க்கால்

குறிஞ்சிப்பாடி சந்தையில் கொடுவாவும் மடவையும் இறாலும் வாங்குகிறோம். இவற்றின் குஞ்சுகள் வளர, ஆறு கடலைத் தொடும் உப்பங்கழி வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு அப்படியொரு நாற்றங்கால்.

இந்தக் காட்டின் ஒரு பகுதி, ஒரு காலத்தில் கட்டாந்தரையாகக் கிடந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டு, பாத்தி பாத்தியாக மரங்களை மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, நிலம் உள்வாங்கியது. ஓதத்தில் ஏறிய நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி வற்றியது. உப்பு மட்டும் மிஞ்சியது. அந்த மண்ணில் விதை விழுந்தாலும் முளைக்கவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் கைகோத்தார்கள். நட்ட நடுவே ஒரு பெரிய வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் அப்படியே மீன்முள்! ஓதநீர் தினமும் உள்ளே வந்து, உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறியது. கரையோரம் நட்ட வெண்கண்டல் கன்றுகள் வேர்பிடித்தன. எவ்வளவு எளிய வழி, பாருங்கள்! முதலில் தண்ணீருக்குத் தடம், பிறகுதான் கன்று.

இன்று அங்கே ஆழமில்லாத நீரில் இருளர் பழங்குடியினர் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். 2022இல் பிச்சாவரம் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் அந்த வாய்க்கால்களில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது தூர்வார வேண்டும்.