புனித இசபெல் மருத்துவமனை, மயிலாப்பூர்

தொடக்கம்: 1949
இடம்: முசிறி சுப்பிரமணியம் சாலை (முன்னாள் ஆலிவர் சாலை)

இதை நிறுவியவர்கள் ஒரு பிரான்சிஸ்கன் சபையின் அருள்சகோதரிகள். இவர்களது சபையை 1871இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் அன்னை மரிய கிளாரா தொடங்கினார். ஏழை நோயாளிகளை வீடு தேடிச் சென்று பராமரிப்பது அதன் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. போர்ச்சுக்கீசியரோடு நெடுங்காலத் தொடர்புடைய மயிலாப்பூரில் அப்பணி மருத்துவமனையாக வேரூன்றியது.

நோயுற்றவருக்குச் செய்வது கிறிஸ்துவுக்கே செய்வது என்பது நற்செய்தியின் போதனை. ஆகவே காயத்தைக் கழுவுவதும், பிரசவ வலியில் கைபிடித்து நிற்பதும் செவிலியச் சகோதரிகளுக்குச் செபத்தின் தொடர்ச்சி. அவர்கள் விசுவாசத்தைப் பகிரும் மொழியும் அதுவே. ‘இசபெல் ஆஸ்பத்திரியில் பிறந்தவன்’ என்று சொல்லிக்கொள்வோர் எல்லா மதத்தினரிலும் சென்னையில் உண்டு.