ஓடுங் காலும் அதற்கேற்ற சப்பாத்தும்

இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நெருங்கும் நாட்களில், திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த வீதிகளில் அதிகாலையிலேயே மாணவர் ஓடிப் பழகுவதைக் காணலாம். உட்துறைமுக வீதியிலே தார். கோட்டைக்குள் நுழைந்து கோணேசர் கோயிலை நோக்கி ஏறினால் மேடும் பாறையும். உப்புவெளிக் கரையிலே கால் புதையும் மணல். கன்னியாப் பக்கம் கிரவலும் முள்ளும். ஒரே சிறுவன் ஒரே வாரத்தில் இத்தனை தரையிலும் ஓடுகின்றான். அவனுக்கு எத்தகைய சப்பாத்து வாங்குவது என்று பெற்றோர் மயங்குவது இயல்பே. விலையோ மலைப்பைத் தருகின்றது. பொருந்தாததை வாங்கிவிட்டால் பணமும் போய்ச் சேரும், காலும் நோகும்.

சப்பாத்துத்தான் வேண்டுமா என்று கேட்போரும் உளர். அவர்கள் காட்டும் சான்று அபேபே பிகிலா. 1960ஆம் ஆண்டு செப்ரெம்பர் 10ஆந் திகதி ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயத்திலே அந்த எதியோப்பிய வீரர் மரதன் தூரம் முழுவதையும் வெறுங்காலுடன் 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் ஓடி முடித்தார். அதுவரை உலகில் எவரும் அத்தனை விரைவாக அத்தூரத்தை ஓடியதில்லை. ஆனால் கதையின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. அவர் வெறுங்காலுடன் ஓடிப் பழகியிருந்தார் என்பதோடு, அங்கு கிடைத்த சப்பாத்துகள் அவர் காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பதும் ஒரு காரணம். நான்கு ஆண்டுகளின் பின் 1964இல் தோக்கியோவில் அவரே சப்பாத்து அணிந்து ஓடினார். 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மீண்டும் முதலாவதாக வந்தார். குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஏறக்குறைய ஐந்து வாரங்களே ஆகியிருந்தன! பொருந்தாத சப்பாத்தைவிட வெறுங்கால் மேல். பொருந்திய சப்பாத்து அதனினும் மேல் என்று இவ்விரு வெற்றிகளையும் சேர்த்துப் படிப்பதே நேர்மை.

ஆதலால் முதலிற் பார்க்க வேண்டியது பொருத்தம். செருப்புடனோ வெறுங்காலுடனோ வளர்ந்த பிள்ளைகளின் விரல்கள் நன்கு விரிந்திருக்கும், முன்பாதம் அகன்றிருக்கும். இது குறையன்று. இந்தியாவிலே 2300 சிறுவரின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சப்பாத்து அணிவோரில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம் இருந்தது, அணியாதோரில் 2.8 பேருக்கே இருந்தது. அத்தகைய வலிய, அகன்ற காலை ஒடுங்கிய அச்சில் வார்த்த சப்பாத்துக்குள் திணிப்பதே தொல்லைக்கு வித்து. பெரும்பாணாற்றுப்படையிலே இடையனின் உறுதியான அடியில் செருப்புப் பதித்த வடு கூறப்படுவதை இலக்கியம் பயிலும் மாணவர் அறிவர். செருப்புக்குத் 'தொடுதோல்' என்ற அழகிய பெயர் அன்று இருந்தது. நாமோ, கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற 'சப்பாத்து' என்ற சொல்லையே வைத்துக்கொண்டோம்!

கடைக்கு மாலையிற் செல்லுங்கள். பகல் முழுதும் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும், ஓடும்போதும் அது வீங்கும். ஓடும்போது அணியும் காலுறையையே அணிந்து, இரு சப்பாத்தையும் போட்டு நின்று பார்க்க வேண்டும். இரு பாதமும் ஒரே அளவாய் இருப்பது அரிது. மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரலே நீளம். குதிகாலோ அசையாது பற்றிக்கொள்ள வேண்டும். இலக்கத்தை நம்பவேண்டாம்: பிரித்தானியக் கணக்கில் 7 என்பது ஆடவர்க்கான அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 8. "வளர்கிற பிள்ளைதானே" என்று இரண்டு இலக்கம் கூட்டி வாங்குவது நம் வீடுகளின் பழைய சிக்கனம். பள்ளி நடைக்கு அது ஒருவாறு ஒக்கும். கோயில் மேட்டிலிருந்து இறங்கி ஓடும்போது கால் முன்னே வழுக்கி விரல்கள் முனையில் மோதும், நகங் கறுக்கும், குதியிற் கொப்புளம் எழும்.

அடுத்தது மெத்தை. ஓடுகையில் ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலிலே தாக்குகின்றது. 50 கிலோ மாணவனுக்கு அது 100 முதல் 150 கிலோ நிறைக்குச் சமம். அடியிலுள்ள நுரைப்பொருளின் நுண்ணிய காற்றறைகள் அமுங்கி அத்தாக்கத்தைத் தணிக்கின்றன. தாருக்கும் பாறைக்கும் இது உதவி. மணலோ தானே மெத்தை. மிகத் தடித்த அடி தரையை உணரவிடாது. கரட்டுப் பாதையிற் கணுக்கால் பிரளவும் ஏதுவாகும். கடையில் இரண்டடி வைத்து 'பஞ்சுபோல் இருக்கிறது' என்று மகிழ்வது போதாது.

காட்டுப்பாதைக்கென விற்கும் சப்பாத்துகளின் அடியிலே 3 முதல் 6 மில்லிமீற்றர் வரை உயர்ந்த பற்கள் இருக்கும். மாரிச் சேற்றில் அவை பற்றிக்கொள்ளும். அதே பற்கள் தார்வீதியில் விரைவாகத் தேயும். வீட்டிலிருந்து கன்னியா வரை தாரிலேயே ஓடிச் செல்பவனுக்குப் பற்கள் குறைந்ததே போதும். என் எண்ணத்தில் நம் ஊர் மாணவர் பெரும்பாலோர்க்கும் அதுவே ஏற்றது.

பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் வரை ஒரு சோடி உழைக்கும் என்பர். நிறையும் தரையும் அதை மாற்றும். கீழ் றப்பர் புதிதுபோல் இருக்கையிலேயே உள்ளே நுரை சோர்ந்துவிடுவதுண்டு. அடியின் பக்கத்திற் படிந்த சுருக்கங்களும், புதிதாய்த் தோன்றும் முழங்கால் நோவும் அதைக் காட்டிவிடும். விலையுயர்ந்ததைப் பெட்டியிற் பூட்டிவைப்பதும் பயன் தராது. பொலியுரித்தேன் அடிகள் நம் ஈரக் காற்றிலே, அணியாமலே, சில ஆண்டுகளில் பிட்டுப்போல் உதிர்ந்துவிடக்கூடும்.

கடற்கரையில் ஓடி வந்தால் உப்பையும் மணலையும் நல்ல தண்ணீரால் அலசி, உள்தட்டை வெளியே எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். கடுவெயிலும் அடுப்பங்கரையும் பசையை நெகிழ்த்தும்; நுரையைச் சுருக்கும். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே அடைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். எல்லோரும் படித்து முடித்தபின் இந்தத் தாளே அதற்குப் போதும்.