எழுதத் தூண்டும் முதல் காணொளி: கேமரா முன் என்ன பேசுவது?

நம் நாட்டில் பலருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது பத்திரிகைதான். 1950ஆம் ஆண்டு வாக்கில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, அதுவரை பேனா பிடிக்காதவர்களையும் கதை எழுத வைத்தது. அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. எழுத ஆசைப்படும் பிள்ளை இன்று முதலில் தேடிப் பார்க்கும் இடம் யூடியூப். ஆகவே, தமிழாசிரியர்களும் எழுத்துப் பழக்கம் உள்ளவர்களும் அங்கே போய்ப் பேச நினைப்பது நியாயமே. ஆனால் முதல் காணொளியிலேயே பலர் சறுக்குகிறார்கள்.

காரணம் கேமரா அல்ல, மேடைப் பழக்கம்தான். வணக்கம், நன்றி, இலக்கியம் என்றால் என்ன என்று முதல் இரண்டு நிமிடம் ஓடிவிடுகிறது. கோவில் மண்டபத்தில் எழுந்து போக வெட்கப்படுவார்கள். கைப்பேசியில் அந்த வெட்கம் கிடையாது, விரல் தள்ளிவிட்டுப் போய்விடும். "இன்று நம் வீட்டைப் பற்றி ஐந்து வரி எழுதப் போகிறோம், பேனாவை எடுங்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

"எழுதுங்கள், உங்களால் முடியும்" என்று ஊக்கமூட்டுவதால் மட்டும் யாரும் எழுதிவிடுவதில்லை. எழுதுவது எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு தாளில் "எங்கள் தோட்டம் மிகவும் அழகானது, மக்கள் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்" என்று எழுதிக் காட்டலாம். பள்ளிக் கட்டுரையில் எல்லாரும் எழுதும் வரிதான் இது. எந்தத் தோட்டத்திற்கும் பொருந்தும் என்பதால் எந்தத் தோட்டத்தையும் காட்டாது. பிறகு கேமரா முன்பே கேள்வி கேட்க வேண்டும். பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போனார்கள்? அம்மா கையில் என்ன இருந்தது? பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? பதில்கள் வர வர அந்த வரியை அடித்துவிட்டு, "பெரட்டு மணி அடிப்பதற்குள் அம்மா காண்டா வாளிகளை வாசலில் எடுத்து வைத்துவிடுவார், தம்பி தூக்கத்திலேயே ஆயாக் கொட்டகைக்குப் போய்விடுவான்" என்று மாற்றலாம். பார்ப்பவருக்குத் தன் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டணத்துப் பிள்ளைக்கு அடுக்குமாடி மின்தூக்கி, அப்பாவின் லாரி, இரவுச் சந்தைக் கடை என்று உதாரணத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு பயமும் பலருக்கு உண்டு: "என் தமிழ் நல்ல தமிழ் இல்லை." எஸ்பிஎம் தேர்வோடு தமிழில் எழுதுவதை நிறுத்தியவர்களிடம் இது அதிகம். கதை சொல்லும் நடை ஒன்று, கதையில் வருபவர் பேசும் பேச்சு வேறொன்று என்று ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். தோட்டத்துப் பாட்டி செந்தமிழில் பேசினால்தான் அது பிழை.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கைப்பேசி போதும். தாளைக் காட்டுவதால் அதைக் கிடைமட்டமாக வைத்து, சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரலாம். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் மாட்டார்கள். கயிறுள்ள சாதாரண காதொலிக் கருவியின் மைக்கே உதவும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தகரக் கூரை வீடென்றால் மழை நாளில் பதிவு செய்ய வேண்டாம். நிதானமாகப் பேசினால் நிமிடத்திற்கு நூறு சொல் அளவே வரும். ஐந்து நிமிடக் காணொளிக்கு ஐந்நூறு சொல் எழுதிவைத்தால் போதும்.

பிறர் எழுதிய சிறுகதையை முழுவதும் வாசித்துக் காட்ட ஆசை வரலாம். அதற்கு அனுமதி வேண்டும். மலேசியாவில் எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரையும், சிங்கப்பூரில் 70 ஆண்டுகள் வரையும் பதிப்புரிமை நீடிக்கிறது. உயிரோடு இருக்கும் எழுத்தாளர் என்றால் கேட்டுப் பார்ப்பதே எளிது. பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூப் தானாகவே கண்டுபிடித்து உரிமையாளருக்குத் தெரிவித்துவிடும். இசை கட்டாயம் வேண்டுமென்றால் யூடியூப்பின் ஒலி நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பதிவேற்றியதும் எல்லாருக்கும் திறந்துவிடத் தேவையில்லை. இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைத்து, இதுவரை எதுவும் எழுதாத இரண்டு பேருக்குப் புலனத்தில் அனுப்பலாம். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "ஐந்து வரி எழுதினீர்களா?" என்று கேட்க வேண்டும். எழுதவில்லை என்றால், எந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தார்கள் என்று விசாரித்து அந்தப் பகுதியை மீண்டும் பதிவு செய்யலாம்.

வரிகளை அனுப்பச் சொல்வதானால் சொந்தக் கைப்பேசி எண்ணைத் திரையில் போடாமல், அதற்கென்று தனி மின்னஞ்சல் திறப்பது பாதுகாப்பு. இரண்டே பேர் அனுப்பினாலும் அடுத்த காணொளிக்கு அது தாராளம். எழுதியவரின் பெயரைச் சொல்லி வாசிக்கும் முன் அவரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். பள்ளி மாணவர் என்றால் பெற்றோரிடமும்தான்.